ரூபாயா, வெள்ளியா என்று இயந்திரம் கேட்டால்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஊருக்குப் போகிறோம், கடன் அட்டையை எடுத்துப்போகலாமா?" தாராளமாக எடுத்துப்போங்கள். ஆனால் திருச்சியில் என் அக்காவுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தார். பில் 20,000 ரூபாய். கல்லாவில் இருந்த தம்பி அட்டையைச் செருகினார். சின்னத் திரையில் இரண்டு வரிகள் வந்தன: மேலே ரூபாய், கீழே ரிங்கிட், அதாவது நம் வெள்ளி. "உங்க ஊர்க் காசுலயே போட்டுடறேன்மா, கணக்குச் சுலபம்" என்று அவரே கீழ்வரியை அழுத்திவிட்டார். அக்காவும் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கீழ்வரியில்தான் காசு போகிறது. ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் விசா அல்லது மாஸ்டர்கார்டின் விகிதத்தில் தொகை வெள்ளியாக மாறும். அதன்மேல் நம் வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும். ரிங்கிட்டைத் தேர்ந்தெடுத்தாலோ விகிதத்தைக் கடைக்காரரின் இயந்திர நிறுவனம் வைக்கிறது. தன் லாபத்தையும் அதற்குள் வைத்துவிடுகிறது. ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேலை 1,000 வெள்ளி. வங்கிக் கட்டணம் ஒரு விழுக்காடு என்றால் 1,010. இயந்திரம் 18.80 என்று போட்டால் 1,064. வித்தியாசம் 54 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் கூலி. செம்பனைக் குலை வெட்டிய காசு ஒரு பொத்தானில் போகிறதே என்று எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. போதாக்குறைக்கு, வெள்ளியில் போட்டாலும் வெளிநாட்டுக் கட்டணத்தை விடாத வங்கிகளும் உண்டு.

ஆகவே அட்டையை நீட்டும்போதே "ரூபாயில் போடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சீட்டு வந்ததும் தொகைக்குப் பக்கத்தில் எந்த நாணயம் இருக்கிறது என்று பாருங்கள். ரிங்கிட் என்றிருந்தால் அங்கேயே ரத்துசெய்து மறுபடி போடச் சொல்லுங்கள். கடையை விட்டு வெளியே வந்துவிட்டால் வாதாடுவது கடினம்.

நீங்கள் வாங்கிய நாளின் விகிதமே வங்கிக் கணக்கில் வரும் என்று நினைக்காதீர்கள். கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகும்; பல சமயம் அந்த நாளின் விகிதம்தான் செல்லும். சேலையைத் திருப்பிக் கொடுத்தால் திரும்ப வரும் பணமும் வேறு விகிதத்தில் வரும். சில வெள்ளி கூடலாம், குறையலாம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

கடன் அட்டையைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். அது கடன் வாங்குவது. கட்டணமும் உண்டு, ஆண்டுக்கு 18 விழுக்காடு வரையிலான வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடும். சேமிப்புக் கணக்கின் டெபிட் அட்டை போதும். அங்கேயும் இயந்திரம் தன் விகிதத்தைக் காட்டி ஏற்கிறீர்களா என்று கேட்கலாம். மறுத்துவிடுங்கள், பணம் வராமல் போகாது, கணக்கு ரூபாயில் நடக்கும்.

டீக்கடை, ஆட்டோ, கோயில் அர்ச்சனைச் சீட்டு எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை உள்ளூர் வங்கிக் கணக்குகளுக்கானது, நம் கடன் அட்டைக்கு உதவாது. பெட்டிக்குள் பழைய பயணத்தில் மிச்சமான தாள்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 2016 நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. 2023 மே மாதத்தில் 2,000 ரூபாய்த் தாளும் திரும்பப் பெறப்பட்டது. அவற்றை நம்பித் திருச்சியில் இறங்காதீர்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வங்கியைக் கூப்பிட்டு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள். நாமாகக் கேட்டால்தான் திறக்கும் வங்கிகள் பல. கட்டணம் எத்தனை விழுக்காடு என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மலேசிய எண்ணுக்கு வரும் வங்கிக் குறுஞ்செய்தி இந்தியாவிலும் கிடைக்கும்படி ரோமிங்கைத் திறந்து வையுங்கள்.