தேடலில் சிக்காத பல்கேரிய எழுத்து: என் அனுபவம்

பல்கேரிய மொழிக் கோப்புகளை ஒன்றுசேர்த்தபோது ஒரு சொல் மட்டும் பாதி இடங்களில்தான் தேடலில் அகப்பட்டது. 'அவளுக்கு', 'அவளுடைய' என்பதற்கு அங்கே ஒற்றை எழுத்துதான்: சிரிலிக் (பல்கேரிய மொழியின் எழுத்துமுறை) 'இ', அதன் தலையில் இடமிருந்து வலமாக இறங்கும் சாய்கோடு. மாசிடோனிய மொழியிலும் இது உண்டு.

சில கோப்புகளில் அது 1117 என்ற எண் கொண்ட ஒரே யூனிகோடு எழுத்து. மற்றவற்றில் 1080 என்ற வெறும் 'இ', பின்னால் 768 என்ற ஒட்டுக்குறி. பார்வைக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு வேறு. தமிழில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாக வந்து தொல்லை தருமே, அதே கதை. பைத்தான் நிரல்மொழியில், எழுத்தையும் குறியையும் ஒன்றாக இணைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் எல்லாம் 1117 ஆகிவிட்டது.

அப்புறமும் மிச்சம் இருந்தது. சிரிலிக்குக்கான பழைய விண்டோஸ்-1251 குறியீட்டில் இந்த எழுத்துக்கு இடமே இல்லை. யூனிகோடிலேயே 1999-இல்தான் சேர்ந்தது. அதனால் பலர் பிறை வைத்த 'இ'யைப் போட்டுச் சமாளித்திருந்தார்கள். பல்கேரியத்தில் அது தனித்து நின்று சொல்லாகாது. ஆகவே தனியாக நின்றதையெல்லாம் துணிந்து மாற்றினேன்.

வெறும் 'இ' போட்ட இடங்கள்தான் தலைவலி. தனி 'இ' என்றால் 'மற்றும்' என்றும் பொருள். சரி, வேறு வழியில்லை என்று அவற்றை மட்டும் வரிவரியாகப் படித்துத் திருத்தினேன்.