கொத்தாக வரும் பிழைகளுக்கு எந்தக் குறியீடு?

நீர்மட்ட சென்சாரிலிருந்து ரேடியோ வழியாக டேட்டா அனுப்புகிறேன். பம்ப் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் வரிசையாகப் பல பைட்டுகள் கெட்டுப்போகும். உங்களுக்கும் இப்படித்தானா என்று முதலில் பாருங்கள்: தெரிந்த டேட்டாவை அனுப்பி, வந்ததோடு ஒப்பிட்டு, மிக நீளமான கொத்து எவ்வளவு என்று குறித்து வையுங்கள். சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

50 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். 9600 பாட் சீரியலில் ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து பைட்டுக்கு 10 பிட், ஆக நொடிக்கு 960 பைட். அதாவது 48 பைட் காலி.

பிழை திருத்தும் குறியீடுகளில் ஹேமிங் (7,4) ஏழு பிட்டில் ஒன்றைத்தான் திருத்தும், சிஆர்சி பிழையைக் காட்டுமே தவிரத் திருத்தாது. என் ஓட்டு ரீட்-சாலமனுக்கு. ஒரு பைட்டில் ஒரு பிட் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் அதற்கு ஒரே பிழைதான். (255,223) எடுத்தால், அதாவது 223 பைட் டேட்டாவை 255 பைட் தொகுதியாக்கினால், 32 பைட் உபரி, 16 பைட் வரை திருத்தும்.

நமக்கோ 48. இங்கேதான் பலர் உபரியை ஏற்றிக்கொண்டே போவார்கள். வேண்டாம், பைட்டுகளைக் கலைத்து அனுப்புங்கள். நான்கு தொகுதிகளை வரிசைக்கு ஒன்றாக எழுதி, மேலிருந்து கீழாக நெடுக்கில் படித்து அனுப்பினால், தொடர்ந்து கெட்ட 48 பைட்டும் வரிசைக்கு 12 என்று பிரிந்துவிடும். மூன்று வரிசை போட்டால் சரியாக 16, இழுபறி. சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடுவதற்கு இந்த உத்திதான் காரணம், அங்கே கிட்டத்தட்ட 4000 பிட் தொடர்ந்து போனாலும் மீட்டுவிடும். விலை என்னவென்றால் தாமதம்: 1020 பைட் சேர்ந்து வந்தால்தான் பிரிக்க முடியும், ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னொரு முழுக் கொத்து வந்தால் வரிசைக்கு 24, அவ்வளவுதான்.

ஆர்டுயினோ யூனோ ஆர்3-இல் மொத்த ரேமே 2 கேபி, பாதி இதற்கே போகும், ரேம் அதிகமுள்ள ஈஎஸ்பி32 போர்டு வாங்கிவிடுங்கள். டேட்டாவைப் பெறும் பக்கம் பைத்தானில் ரீட்சோலோ என்ற லைப்ரரி போதும். புதிய பதிப்புகளில் டீகோட் செய்தால் மூன்று விடைகள் வரும், முதலாவதுதான் உங்கள் டேட்டா.

பிற்சேர்க்கை: "எல்லாம் செய்தும் திருந்தவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். பைட் மாறினால் ரீட்-சாலமன் திருத்தும், ஆனால் சீரியலில் ஸ்டார்ட் பிட் தவறி ஒரு பைட்டே காணாமல் போனால் பின்னால் வருவதெல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும். அதனால் 20 பைட்டுக்கு ஒரு பாக்கெட்டாக்கி, முன்னால் இரண்டு பைட் அடையாளமும் ஒரு பைட் வரிசை எண்ணும் போடுங்கள். வராத பாக்கெட்டின் இடத்தில் பூஜ்யம் நிரப்பி, அந்த இடங்களை டீகோடருக்குச் சொல்லுங்கள். 48 பைட் கொத்து அதிகபட்சம் நான்கு பாக்கெட்டைத் தொடும், மொத்தம் 80 பைட், நான்கு வரிசையில் பிரித்தால் வரிசைக்கு 20 பைட். 16-ஐத் தாண்டினாலும் பயமில்லை, கெட்ட இடம் தெரிந்தால் வரம்பு 32.