கடல் சேர்மத்தைத் 'தேங்காயில்' தேடுவது எப்படி?

கடல் உயிரிகளின் சேர்மங்களுக்கு மரின்லிட் என்ற தரவுத்தளம் உண்டு. ஆனால் சந்தா கட்ட வேண்டும். தொடக்கத்துக்கு இலவசமாகக் கிடைப்பவையே தாராளம்.

பழகிப் பார்க்க டிராபெக்டெடினை எடுத்துக்கொள்வோம். கரீபியன் பக்கம் அலையாத்தி வேர்களில் ஒட்டி வளரும் ஒரு கடல்பீச்சியில் கிடைத்த புற்றுநோய் மருந்து இது. கடல்பீச்சி என்பது தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும் சின்னப் பை போன்ற உயிரி, அவ்வளவுதான்.

படி 1: பெயரை நம்ப வேண்டாம். இதே சேர்மம் எக்டினசிடின் 743, இடி-743, யோண்டெலிஸ் என்றும் வரும். பப்கெம் என்ற இலவச வேதிப்பொருள் தரவுத்தளத்தில் பெயரைத் தட்டி, அங்குள்ள இன்ச்சிகீயை நகலெடுங்கள். 27 எழுத்து நீளமான அடையாளம் அது. முதல் 14 எழுத்துகள் எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது என்பதைக் குறிக்கும். அவை ஒத்துப்போய் மீதி மாறினால், பெரும்பாலும் முப்பரிமாண அமைப்புதான் வேறு. இரண்டில் ஒன்றை "நகல்தானே" என்று அழித்துவிடாதீர்கள். மருந்தில் அந்த வித்தியாசம் முக்கியம்.

படி 2: அந்த இன்ச்சிகீயைக் கோகோநட் தளத்தில் தேடுங்கள். (ஆமாம், தேங்காய்தான். பெயர்ச் சுருக்கம் அப்படி அமைந்துவிட்டது.) நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இயற்கைச் சேர்மங்கள், நிலமும் கடலும் கலந்து இருக்கும். கடல் மட்டும் போதுமென்றால் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சிஎம்என்பிடி இருக்கிறது. அதில் 31,000க்கும் மேல்.

படி 3: எந்த உயிரியில் கிடைத்தது? லோட்டஸ் திட்டம் இதை விக்கிதரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் சேர்த்து வைக்கிறது. சேர்மத்தின் பக்கத்தில் பி703 என்ற பண்பைப் பாருங்கள்; எந்த உயிரியில் கிடைத்தது என்பதைச் சொல்வது அதுதான். மேற்கோள் காட்டிய கட்டுரையையும் திறந்து பார்த்துவிடுங்கள். உயிரியின் பெயர் பழையதா என்று வோர்ம்ஸ் என்ற கடல் உயிரிப் பெயர்ப் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.

படி 4: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கடல்பீச்சியில் கிடைத்தது என்றால் கடல்பீச்சியே செய்தது என்று பொருளல்ல. டிராபெக்டெடினை உண்டாக்குவது அதற்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. ஒரு கிராம் பிரித்தெடுக்க ஏறக்குறைய ஒரு டன் கடல்பீச்சி வேண்டும், கட்டுப்படியாகுமா? அதனால் சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்ற வேறொரு பாக்டீரியாவை நொதிக்க வைத்து, சயனோசாஃப்ராசின் பி என்ற தொடக்கப் பொருளை எடுத்து, மீதியை வேதியியல் முறையில் முடிக்கிறார்கள். உயிரித்தொழில்நுட்பத்துக்குத் தேவையான, சேர்மங்களை உண்டாக்கும் மரபணுத் தொகுதிகளை மிபிக் தளத்தில் தேடுங்கள்.

அப்புறம், தேடிக் கிடைத்ததைக் குறித்துவைக்கும் உங்கள் அட்டவணையில் 'கிடைத்த உயிரி', 'உண்டாக்கும் உயிரி' என்று இரண்டு பத்திகள் போடுங்கள். இரண்டாவது பல வரிசைகளில் காலியாகவே கிடக்கும். கிடக்கட்டும், ஊகித்து நிரப்பாதீர்கள்.