பி.டி.எஃப். அனுப்பும் முன்: பார்வையற்ற வாசகருக்கு எந்தக் கோப்பு?

கடலூர் டி.டி.பி. மையத்தில் வடிவமைத்த விழா மலரானாலும், புதுச்சேரியில் அச்சான கவிதைத் தொகுப்பானாலும், பார்வையற்ற ஒருவர் கேட்டதும் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பி.டி.எஃப். தான். அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை போதும்: அதில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

எழுத்து எதுவுமே தேர்வாகவில்லை என்றால் அது வெறும் பக்கப் படம். திரைவாசிப்பான் (திரையிலுள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் மென்பொருள்) வாய் திறக்காது. ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சானது. அப்படிப்பட்ட பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசைகள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் காதுக்கு அந்த ஐந்துதான் போகும். மூன்றாவது வகை இன்னும் ஏமாற்றக்கூடியது: தமிழாகவே ஒட்டும், ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நிற்கும், 'கோயில்' என்பது 'ேகாயில்' ஆகியிருக்கும். யூனிகோடில் மெய்க்குப் பிறகே உயிர்க்குறி வர வேண்டும். இந்தக் கோப்போ அச்சில் தெரியும் வரிசையிலேயே எழுத்தை வைத்திருக்கிறது.

இந்த மூன்றில் எது வந்தாலும் பி.டி.எஃப்.பைக் கட்டிக்கொண்டு மாரடிக்க வேண்டாம். அச்சகத்திடம் வேர்டு மூலக் கோப்பைக் கேளுங்கள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் இருந்தால் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போடலாம். ஆனால் மாற்றி ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று எண்ணி உருக்குலைத்துவிடும். அதனால் வேர்டில் தமிழ் எழுத்துரு உள்ள பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள்.

மூலமே கிடைக்காத பழைய நூல் என்றால் 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி, 'கூகுள் டாக்ஸ்' வழியாகத் திறந்தால் எழுத்து கிடைக்கும். நடுமடிப்பு ஓரம் வளைந்திருந்தால் ஒவ்வொரு வரியிலும் மடிப்பை ஒட்டிய சொல் பிழையாகலாம். பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவில் புகுந்துவிடும், அவற்றை எடுத்தே ஆக வேண்டும்.

மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும் பிழை ஒன்று உண்டு. 'மௌனம்' என்பதைப் பலர் 'மெளனம்' என்று அடித்துவிடுகிறார்கள். அதாவது ஒற்றைக்கொம்பு, பிறகு ளகரம். திரையில் இரண்டும் ஒன்றுதான். குரலோ 'மெ-ள-னம்' என்று படிக்கும். பௌர்ணமி, கௌரவம், ஔவையார் எல்லாம் இப்படிச் சிக்கும். தேடித் திருத்துங்கள், ஆனால் 'அனைத்தையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள். 'வெள' என்பதை ஒட்டுமொத்தமாக மாற்றினால் வெள்ளமும் வெளியேயும் சிதையும், 'கெள' என்பதை மாற்றினால் கெளுத்தி மீன் போய்விடும். 'ர' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் நிற்பதும் ஸ்கேனில் வரும் வழக்கமான தவறு.

எழுத்து சுத்தமான பிறகுதான் அமைப்பு. அத்தியாயத் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. வேர்டில் 'ஹெடிங் 1' பாணி கொடுக்க வேண்டும், உட்தலைப்புக்கு 'ஹெடிங் 2'. படத்துக்கு வலது கிளிக் செய்து மாற்று உரை (படத்தைச் சொல்லில் விவரிக்கும் வரி) எழுதுங்கள். திருவருட்பா போன்ற செய்யுளில் அடிக்கு அடி என்டர் தட்டாமல் ஷிஃப்ட்டுடன் என்டர் தட்டினால் பாடல் முழுவதும் ஒரே பத்தியாக நிற்கும். வரிகளை நேராக்க இடைவெளிகளை அடுக்குவது வேண்டாம்.

மொழிக் குறியீடும் முக்கியம். ரிவ்யூ பட்டியில் 'லாங்குவேஜ்' போய் முழு நூலுக்கும் தமிழ் என்று குறியுங்கள். ஆங்கிலம் என்று பதிந்திருந்தால் சில கருவிகளில் ஆங்கிலக் குரல் வந்து தமிழை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும், அல்லது மௌனமாகத் தாண்டும். புதுச்சேரி வரலாற்று நூல்களில் பிரெஞ்சு ஆவண மேற்கோள்கள் நிறைய வரும். அந்த வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து பிரெஞ்சு என்று குறித்தால், கேட்பவர் கருவியில் பிரெஞ்சுக் குரல் இருக்கும் பட்சத்தில் உச்சரிப்பு சரியாக வரும்.

இனி வடிவம். பெரும்பாலோருக்கு ஈபப் 3 என்ற மின்னூல் வடிவம். பார்வையற்றோருக்கான நூல் வடிவங்களை வகுக்கும் டெய்சி கூட்டமைப்பின் இலவச 'வேர்டு டு ஈபப்' கருவி மேற்சொன்ன வேர்டு கோப்பை அப்படியே மாற்றித் தரும். 'ஏஸ்' என்ற சோதிப்பான் விடுபட்டதைச் சொல்லும். படிக்கும் செயலிகளில் கணினிக்குத் தோரியம், ஆண்ட்ராய்டுக்கு ஈசி ரீடர், இரண்டும் இலவசம். படமில்லாத நாவல் ஈபப்பில் ஒரு எம்.பி.யைத் தொடுவதே அரிது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்பும் பி.டி.எஃப்.பும் சேர்ந்தே கிடைக்கும். அங்கே ஈபப்பை எடுங்கள்.

மாணவருக்கு ஈபப்போடு வேர்டு கோப்பையும் கொடுங்கள், குறிப்பு எழுத அதுதான் வசதி. அச்சுப் பக்க எண்ணை வாக்கியத்துக்குள் விடாமல், பக்கக் குறியாக ஈபப்பில் பதியுங்கள். ஆசிரியர் '47ஆம் பக்கம்' என்றால் அவரும் அங்கே போக வேண்டும். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் கடலூரில் படிக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல் அங்கே உதவாது. கோப்பின் பெயரிலேயே பாடத்திட்டமும் பதிப்பாண்டும் இருக்கட்டும்.

தொடுதிரை பழகாத முதியவருக்கு, பொத்தான் வைத்த டெய்சி பிளேயர் நல்லது. ஆனால் டெய்சி நூல் என்பது ஒலியும் அத்தியாயக் குறிப்பும் சேர்ந்த ஒரு கோப்புறை. அதிலுள்ள எம்பி3க்களை மட்டும் நகலெடுத்தால் அத்தியாயம் தாவும் வசதி போய்விடும். எம்பி3யாக மட்டுமே கொடுப்பதென்றால் 64 கே.பி.பி.எஸ். மோனோ போதும், மணிக்கு ஏறத்தாழ 29 எம்.பி. பெயரை 001, 002 என்று தொடங்குங்கள். 1, 2 என்றால் சில பிளேயர்கள் 1க்குப் பிறகு 10ஐ ஓட்டும். சொல்லைத் தேடவோ எழுத்துக்கூட்டிப் பார்க்கவோ ஒலிக் கோப்பில் வழியில்லை, அதனால் மாணவருக்கு அதை மட்டும் கொடுக்காதீர்கள்.

விரலால் படிப்பவருக்கு பி.ஆர்.எஃப். என்ற பிரெயில் கோப்பு, தமிழுக்கான பாரதி பிரெயில் அட்டவணையில் மாற்றியது. காகிதத்தில் அச்சிட வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி வழக்கம். விரலால் தொட்டுப் படிக்கும் மின்னணுக் கருவியான ஆர்பிட் ரீடர் 20இல் 20 கட்டமே உண்டு, எந்தக் கருவி என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். டி.எக்ஸ்.டி. என்ற வெற்று எழுத்துக் கோப்பு கடைசித் தேர்வு, சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 தேர்வாகாமல் 'ஏ.என்.எஸ்.ஐ.' என்று போனால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும்.

பதிப்புரிமை பற்றிய தயக்கம் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 52(1)(இசட்.பி.) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்ற இடம் தருகிறது, லாபத்துக்கு விற்கக் கூடாது. மாற்ற உட்காரும் முன் 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற அணுகத்தக்க நூல்களின் இணைய நூலகத்தில் அந்த நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அனுப்பும் முன் கடைசியாக ஒன்று. என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, கன்ட்ரோல், என்.வி.டி.ஏ. விசை (வழக்கமாக இன்சர்ட்), எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தித் திரையை மறையுங்கள். வேர்டில் என்.வி.டி.ஏ. விசையுடன் ஸ்பேஸ் தட்டி உலாவு நிலைக்குப் போனால் 'ஹெச்' விசை தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். மூன்றாம் அத்தியாயத்துக்கு இப்படிப் போய்ச் சேர முடியவில்லை என்றால் ஹெடிங் பாணி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. வேர்டு கோப்பில் அதைச் சரிசெய்து, ஈபப்பை மறுபடி உருவாக்குங்கள்.