டாம் அண்ட் ஜெர்ரியைக் கூடத் தப்பாகப் பார்க்க முடியுமா?

போன மாதம் அக்கா மகனிடம் போனைக் கொடுத்து டாம் அண்ட் ஜெர்ரி போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், சத்தத்தை மூடிவிட்டு, வேகத்தை ஒன்றரை மடங்காக்கி, யாரோ வெட்டி ஒட்டிய அரை நிமிடத் துண்டுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் சிரிப்பே இல்லை. "சும்மா அடிச்சுக்கிட்டே இருக்காங்க மாமா, போர்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் பார்த்ததில் அடி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

பெரியவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறோம். அடி விழும்போது சிரிப்பு வருகிறது என்று நினைக்கிறோம், ஆனால் அந்தச் சிரிப்பை முன்கூட்டியே கட்டி வைப்பது அடிக்கு முந்தைய காத்திருப்பு. ரோட் ரன்னர் கார்ட்டூன்களில் பறவையைத் துரத்தும் அந்தக் கயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு விலங்கு) மலை உச்சியைத் தாண்டி ஓடி, அந்தரத்தில் நின்று, கீழே பார்த்து, அப்புறம்தானே விழும்? புள்ளியாகிக் கண்ணைவிட்டு மறைந்த பிறகு ஒரு சின்ன மௌனம், பிறகு அடியில் குட்டியாக ஒரு புழுதிப் படலம். அந்த மௌனம் 14 ஃப்ரேம் இருக்க வேண்டும், 13 என்றாலும் 15 என்றாலும் சிரிப்பு வராது என்று அதை இயக்கிய சக் ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். நொடிக்கு 24 ஃப்ரேம் என்பதால் இது அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் அந்த 14, சுமார் ஒன்பது ஃப்ரேம் நேரமாகச் சுருங்கிவிடும். ஒருவர் கணக்குப் பார்த்து வைத்த உப்பை நாமே அள்ளி வெளியே போடுகிற மாதிரி.

அடுத்தது சத்தம். டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசுவதில்லை, அதனால் ஒலி இல்லாமலே பார்த்துவிடலாம் என்று தோன்றும். உண்மையில் பேச்சு இல்லாததால்தான் இசை அவ்வளவு வேலை செய்கிறது. இவற்றைத் தயாரித்த எம்ஜிஎம் ஸ்டுடியோவில் ஸ்காட் பிராட்லி இந்தப் படங்களுக்கு முழு இசைக்குழுவை வைத்து இசையமைத்தார். பூனை பதுங்கி வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அங்கே ஒரு சுரம் இருக்கும். யூடியூபில் சிலர் இதற்கு மேல் தமிழில் வசனம் பேசிப் போடுகிறார்கள், ஜெர்ரி 'டேய் பூனை' என்று வாயாடிக்கொண்டே ஓடுகிறது. சிலது சிரிப்பாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டாம் அலறும் அந்த அலறல், படத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னாவின் சொந்தக் குரல். அதை அமுக்கிவிட்டு வேறு என்னத்தைக் கேட்கப் போகிறோம்?

'எல்லாமே ஒன்றுதான்' என்று கிடைத்ததைப் போடுவதும் ஒரு தவறு. ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எடுத்தவை 114 குறும்படங்கள். முதல் படத்தில் பூனையின் பெயர் டாம் கூட இல்லை, ஜாஸ்பர். வாங்கிய 7 ஆஸ்கரும் இந்தக் காலத்தவை, அதிலும் மேடையேறிப் பரிசு வாங்கியது இவர்கள் இல்லை, தயாரிப்பாளர் ஃப்ரெட் க்விம்பி! அதற்குப் பிறகு ஜீன் டெய்ச் 1961-62 வாக்கில் பிராக் நகரத்தில் வைத்து 13 படங்கள் எடுத்தார். எதிரொலிக்கும் விசித்திரமான சத்தங்களோடு ஏதோ கெட்ட கனவு மாதிரி இருக்குமே, அவைதான். பிறகு சக் ஜோன்ஸ் தலைமையில் 34. டெய்ச் 2020-இல் இறந்தபோது 'டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கியவர் மறைந்தார்' என்று ஊரெல்லாம் அஞ்சலி பகிர்ந்தது இந்தக் குழப்பத்தால்தான். இன்னொரு வாட்ஸ்அப் கதையும் உண்டு: கடைசி எபிசோடில் இருவரும் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்து சாவுக்குக் காத்திருக்கிறார்களாம். அப்படி ஒரு படம் நிஜமாகவே இருக்கிறது, 1956-இல் வந்தது. ஆனால் அது கடைசி இல்லை, அதற்குப் பிறகும் இரண்டு வருடம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டுதான் இருந்தன.

தொண்ணூறுகளில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் பார்த்து வளர்ந்ததால் இது குழந்தைகளுக்காக எடுத்தது என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். இவை தியேட்டரில், முழுநீளப் படத்துக்கு முன்னால், டிக்கெட் வாங்கி வந்த எல்லா வயதினருக்கும் காட்டியவை. இதை மறந்ததால் வந்த விளைவை 1975-இல் பார்க்கலாம். டிவிக்காகப் புதிதாக எடுத்தபோது, குழந்தைகள் நிகழ்ச்சியில் வன்முறை கூடாது என்ற அன்றைய கெடுபிடியில் இரண்டையும் நண்பர்களாக்கி, ஜெர்ரி கழுத்தில் ஒரு சிவப்பு போ டையையும் கட்டிவிட்டார்கள். எடுத்தது வேறு யாருமில்லை, அதே ஹன்னா பார்பெராவின் நிறுவனம். உட்கார்ந்து பார்க்க முடியாது. துரத்தல் போனால் இவர்களிடம் ஒன்றுமில்லை.

அதற்காகப் பழையது எல்லாமே தங்கம் என்று வாதாடவும் வேண்டாம். முகம் காட்டாமல் கால் மட்டும் வரும் அந்தக் கறுப்பின வேலைக்காரப் பெண், குண்டு வெடித்ததும் முகம் கறுத்து உதடு பெருத்து நிற்கும் நகைச்சுவை இதெல்லாம் அந்தக் கால அமெரிக்காவின் இனவெறி. குழந்தையோடு பார்க்கும்போது அந்த இடம் வந்தால் நிறுத்தி இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு நான் போனை வாங்கி, டிவியில் 'தி கேட் கான்செர்ட்டோ' போட்டேன், வேகம் ஒன்று, சத்தம் முழுசாக. டாம் கோட் போட்டுக்கொண்டு மேடையில் பியானோ வாசிக்க உட்காருகிறது, இசை, ஃப்ரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் ஹங்கேரியன் ராப்சடி. பியானோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஒரு கட்டத்தில் ஜெர்ரி நாலைந்து பியானோ கட்டைகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலிப்பொறியை வைக்கிறது. டாமின் விரல்கள் பொறிக்கு இந்தப் பக்கம் வாசிக்கின்றன, அந்தப் பக்கம் வாசிக்கின்றன, நடுவில் மட்டும் விழவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பையன் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். பொறி இன்னும் மூடவில்லை, அதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.