அதிர்ச்சி நினைவுகளும் மாதச் சுழற்சியும்: நீங்களே கணக்கெடுப்பது எப்படி?

விபத்து, வன்முறை, பேரிடர் என்று எதையோ கடந்து வந்து, சில வாரம் ஓரளவு நன்றாக இருந்துவிட்டு, திடீரென்று கெட்ட கனவும் படபடப்பும் மறுபடி தலைகாட்டினால், ‘நமக்கு இது சரியாகவே ஆகாது’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். மாதவிடாய் வருகிறவர்களில் பலருக்கு இந்த ஏற்ற இறக்கத்தில் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு.

பழைய பயம் மூளையிலிருந்து அழிந்துபோவதில்லை, ‘இப்போது ஆபத்து இல்லை’ என்ற புதுப் பாடம் அதன்மேல் படிகிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் நிலைத்து நிற்க எஸ்ட்ராடியோல் என்ற பெண் ஹார்மோன் உதவுகிறது, அது குறைந்திருக்கும் நாட்களில் பிடி தளரலாம். புரோஜெஸ்ட்ரான் என்ற இன்னொரு ஹார்மோனிலிருந்து உடல் தயாரிக்கும் அல்லோபிரெக்னனலோன் மூளையை அமைதிப்படுத்தக் கூடியது, மாதவிடாய் நெருங்கும்போது அதுவும் சரிகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே நாட்களில் மோசமாவதில்லை, சிலருக்குச் சுழற்சியின் நடுவிலேயே தொடங்கிவிடும்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். மாதவிடாயின் முதல் நாளை 1 என்று வைத்து, தினமும் இரவு தூக்கம், கெட்ட கனவு, திடுக்கிடல், தானாக வரும் நினைவு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். அன்று சண்டையோ நினைவைக் கிளறிய செய்தியோ இருந்தால் அதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் ஹார்மோன்மேல் விழும்! வாரக் கடைசியில் யோசித்து நிரப்பினால் பயனில்லை, ஞாபகம் ஏமாற்றும். குறைந்தது 2 சுழற்சி. கருத்தடை மாத்திரை உடலின் சொந்த எஸ்ட்ராடியோலை அடக்கிவைக்கும் என்பதால், தொடங்கிய நாள், நிறுத்திய நாள் இரண்டும் நோட்டில் இருக்கட்டும்.

ஆண்களுக்கு இப்படி மாதக் கணக்கு கிடையாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் எழுச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், கடும் மன அழுத்தத்தில் அதுவே குறையும். அதற்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி தேடி ஓட வேண்டாம்.

பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் இந்த மனநலக் கோளாறு, பெண்களுக்கு ஏறக்குறைய இருமடங்கு அதிகம்தான், ஆனால் பாலியல் வன்முறைக்கு அதிகம் ஆளாவது போன்ற காரணங்களை விட்டுவிட்டு ஹார்மோனை மட்டும் கைகாட்டுவது அநியாயம்.

அப்புறம், நோட்டை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சையில் கடினமான அமர்வை எந்த வாரத்தில் வைப்பது என்று பேச அது உதவும். நாளுக்கு நாள் அளவு மாறுவதால் ஒரே ஒரு ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரிதாக எதையும் சொல்லாது. ஒரு மாதம் தாண்டியும் அறிகுறிகள் நீடித்தால் நோட்டு நிரம்பாவிட்டாலும் போய்விடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே.