சராசரி வேகம்: வகுத்தல் சரி, நேரத்தில்தான் கோட்டை விடுகிறோம்

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதையில் 130 கிலோமீட்டர். காலை 6.50க்குக் கிளம்பிய வண்டி 8.40க்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் என்ன?

கால்குலேட்டரில் 8.40லிருந்து 6.50ஐக் கழித்தால் 1.90 வரும். 130ஐ அதால் வகுத்தால் 68.4. தப்பு. ஒரு மணி ஐம்பது நிமிஷம் என்று சரியாக எண்ணியவர்களும் அதை 1.50 என்று தட்டி வகுப்பதுண்டு. அப்போது 86.7 வரும். அதுவும் தப்பு. சரியான விடை 70.9.

வில்லங்கம் அந்தப் புள்ளியில்தான். மணியையும் நிமிஷத்தையும் பிரிக்க நாம் வைக்கும் புள்ளி தசமப்புள்ளி இல்லை. பேருந்து நிலையப் பலகையில் 6.50 என்றால் ஆறு மணி ஐம்பது நிமிஷம். கால்குலேட்டருக்கு அது ஆறரை. கழிக்கும்போது அது 100ஐக் கடன் வாங்குகிறது, நாம் வாங்க வேண்டியது 60. பயண நேரம் 2 மணி 5 நிமிஷமாக இருந்தால் இன்னும் மோசம்: 2.05 என்று போட்டு வகுத்தால் 63.4, சரியான விடை 62.4. இவ்வளவு கிட்டத்தில் வருகிற தப்பு கண்ணில் படவே படாது.

அதனால் நேரத்தைக் கழிக்காதீர்கள், முன்னோக்கி எண்ணுங்கள். 6.50லிருந்து 7 மணிக்கு 10 நிமிஷம், 7லிருந்து 8க்கு 60, அதற்குமேல் 40. ஆக 110 நிமிஷம். நள்ளிரவைத் தாண்டினாலும் இதே வழிதான்: இரவு 11.40லிருந்து 1.25 வரை 20, 60, 25, மொத்தம் 105. பிறகு தூரத்தை 60ஆல் பெருக்கி, நிமிஷத்தால் வகுத்தால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நேராக வந்துவிடும். 130 × 60 = 7800. 7800 ÷ 110 = 70.9. மணியாக மாற்றும் வேலையே இல்லை, புள்ளி குறுக்கே வராது.

தூரமும் நேரமும் ஒரே இரண்டு முனைகளுக்கு உரியவையாக இருக்க வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டைப் பூட்டிய நேரத்திலிருந்து எண்ணிவிட்டு, தூரத்துக்குக் காட்பாடி ஜங்ஷனிலிருந்து உள்ள 130ஐப் போட்டால் வருவது எந்த வண்டியின் வேகமும் அல்ல.

வழியில் நின்ற நேரத்தைச் சேர்ப்பதா? பள்ளிக்கூடக் கணக்கிலும் இயற்பியலிலும் சேர்க்க வேண்டும். வேலூர்–திருவண்ணாமலை பஸ் 85 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடந்தால், 85 × 60 ÷ 150 = 34. அதில் நிறுத்தங்களில் நின்றது 20 நிமிஷம் என்றால், ஓடிய நேரத்துக்கு மட்டும் 85 × 60 ÷ 130 = 39.2. இரண்டுமே பயனுள்ள எண்கள்தான். எப்போது போய்ச் சேருவோம் என்று பார்க்க 34, வண்டியின் ஓட்டத்தைப் பார்க்க 39.2. சில போன் செயலிகள் நின்ற நேரத்தைத் தாமாகவே கழித்துவிடும். செயலி காட்டும் வேகமும் நீங்கள் போட்ட கணக்கும் ஒத்துவராவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

இனி, கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் விழும் குழி. வேலூரிலிருந்து ஆரணிக்கு 36 கிலோமீட்டர் என்று கொள்வோம். விடியற்காலையில் மணிக்கு 60ல் போய், சாயங்கால நெரிசலில் 30ல் திரும்புகிறீர்கள். போய்வந்த சராசரி வேகம் 45 என்றுதான் வாய் முந்திக்கொள்ளும். போட்டுப் பாருங்கள்: போக 36 நிமிஷம், வர 72 நிமிஷம். மொத்தம் 72 கிலோமீட்டர், 108 நிமிஷம். 72 × 60 ÷ 108 = 40.

ஏன் குறைந்தது? மெதுவாகப் போகும்போது அதே தூரத்துக்கு அதிக நேரம் பிடிக்கிறது. 60ல் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு நேரம் 30ல் இருந்திருக்கிறீர்கள், அதனால் சராசரி 30 பக்கம் சாய்கிறது. இரு பக்கமும் தூரம் சமமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு: இரண்டு வேகங்களைப் பெருக்கி, இரண்டால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 2 × 60 × 30 ÷ 90 = 40. தூரம் சமமில்லாவிட்டால் இது செல்லாது. வேகங்களை அப்படியே கூட்டி இரண்டால் வகுப்பது, ஒவ்வொரு வேகத்திலும் சமமான நேரம் போனால் மட்டுமே சரி.

இதே ஆரணிக் கணக்கில் ஒரு வேடிக்கை. போகும்போதே 30ல்தான் போக முடிந்தது என்று வையுங்கள். போய்வந்த சராசரி 60 ஆக, திரும்பும்போது எவ்வளவு வேகம் வேண்டும்? 90 என்பார்கள். எந்த வேகமும் போதாது. 72 கிலோமீட்டரை 60 சராசரியில் முடிக்க 72 நிமிஷம்தான் இருக்கிறது. அந்த 72 நிமிஷமும் ஆரணியில் போய் இறங்கும்போதே தீர்ந்துவிட்டது.

பயணம் பல துண்டுகளாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தூரத்தையும் நிமிஷத்தையும் மட்டும் எழுதிவையுங்கள், துண்டு வேகங்களைச் சராசரி எடுக்க வேண்டாம். வேலூரில் பாகாயத்திலிருந்து கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலைத் தாண்ட 7 கிலோமீட்டருக்கு 28 நிமிஷம், நாலு வழிச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 80 நிமிஷம், ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு சென்னைக்குள் 33 கிலோமீட்டருக்கு 72 நிமிஷம் என்று கொண்டால், 140 கிலோமீட்டர், 180 நிமிஷம், சராசரி 46.7. துண்டு வேகங்கள் 15, 75, 27.5. அவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 39.2 வரும், அதற்கு அர்த்தமே கிடையாது. நெடுஞ்சாலையில் 75ல் பறந்தும் 50ஐத் தொட முடியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அலகு மாற்ற வேண்டுமானால் மணிக்கு கிலோமீட்டரை 5ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் வினாடிக்கு மீட்டர். 72 என்றால் 20. திருப்பிப் போக 18ஆல் பெருக்கி 5ஆல் வகுக்கவும். மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பாடநூலில் வேகமும் திசைவேகமும் வேறு வேறு. வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி 3 கிலோமீட்டரை 36 நிமிஷத்தில் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்தால் சராசரி வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். இடப்பெயர்ச்சி, அதாவது புறப்பட்ட இடத்துக்கும் வந்து சேர்ந்த இடத்துக்கும் உள்ள நேர்தூரம், பூஜ்யம். திசைவேகம் அதை நேரத்தால் வகுப்பது, ஆகவே சராசரித் திசைவேகமும் பூஜ்யம்.

ஸ்பீடோமீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்கவும் இதே கணக்கு உதவும். தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை கிலோமீட்டர் கற்கள் இருக்கும் நேரான, நெரிசல் இல்லாத பகுதியில் முள்ளை 60ல் நிலையாகப் பிடியுங்கள். கல் தோளுக்கு நேராக வரும்போது பின்னால் இருப்பவர் ஸ்டாப்வாட்சை அழுத்தட்டும். ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது. அடுத்த கல்லும் அதே தோளுக்கு நேராக வரும்போது நிறுத்துங்கள். 3600ஐ வந்த வினாடியால் வகுத்தால் வேகம்: 60 வினாடிக்கு 60, 64க்கு 56.25, 72க்கு 50. பெரும்பாலான ஸ்பீடோமீட்டர்கள் உண்மையைவிடச் சற்றுக் கூட்டித்தான் காட்டும். ஆனால் ஒரு கிலோமீட்டரை மட்டும் அளந்து வண்டியைக் குறை சொல்லாதீர்கள். 60 வினாடியில் விரல் 2 வினாடி முந்தினாலே விடை 62 ஆகிவிடும். ஐந்து கிலோமீட்டர் அளந்து 18000ஐ வினாடியால் வகுத்தால் அதே 2 வினாடியால் வேகத்தில் வரும் பிழை மணிக்கு அரை கிலோமீட்டருக்குள் அடங்கும்.

ரயிலிலும் செய்யலாம். மின்கம்பத்தில் மேலே எழுதியிருக்கும் எண் கிலோமீட்டர், கீழே இருப்பது கம்பத்தின் வரிசை எண். மேல் எண் மாறும் கம்பத்திலிருந்து அடுத்து மாறும் கம்பம் வரை அளக்கவும். கம்பங்களை எண்ணித் தூரம் போடாதீர்கள், வளைவுகளில் அவை நெருங்கி நிற்கும்.

மலைப்பாதையில் போன் செயலியின் தூரத்தை நம்ப வேண்டாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், சில வினாடிக்கு ஒருமுறை மட்டும் இடத்தைக் குறிக்கும் செயலி வளைவை வெட்டி நேர்கோடு போட்டுவிடும். தூரம் குறையும், வேகமும் குறையும். அங்கே வண்டியில் பயணத் தூரத்தைக் காட்டும் ட்ரிப் மீட்டரை அடிவாரத்தில் பூஜ்யமாக்கிவிட்டு ஏறுங்கள்.